அத்தைக்குக் கேட்காத ஐந்து குரல்கள்

"கேக்குதா?" என்று போனில் அத்தை கேட்டார்.

"கேக்குது, சொல்லுங்க."

"போன்ல கேக்கும், அது எனக்குத் தெரியாதா? கம்ப்யூட்டருக்கு மறுபடியும் காது போயிடுச்சு."

"சத்தத்தைக் குறைச்சு வெச்சிருக்கீங்களா?"

"நூறுல நிக்குது. அதுக்கு மேல தள்ள இடமில்ல."

"ஏதாவது பாட்டு போட்டுப் பாருங்க."

"போட்டேன். ஹெட்செட்ல கணீர்னு கேக்குது. மனுஷங்க பேசறதுதான் கேக்கல."

"மாமா இல்லையா?"

"பின்னாடி ரூம்ல டேப் ஓட்டிட்டு இருக்கார். யாரையோ திட்டிட்டும் இருக்கார்."

"யாரை?"

"யாருக்குத் தெரியும்? கதவு சாத்தியிருக்கு. ஏதோ பழைய நாடகம் போல. ஒருத்தி 'நிறுத்துங்க, நிறுத்துங்க'ன்னு கத்துறா."

எனக்குத் தலையில் கைவைத்துக்கொள்ளத் தோன்றியது. "அத்தை, அது நாடகம் இல்ல. நீங்க பாடம் படிச்சுக் காட்டற பொண்ணுங்க."

அத்தை புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப நான் இவ்வளவு நேரமா படிச்ச பதினோரு பக்கம்?" என்றார்.

அத்தை என் அப்பாவின் அக்கா. முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் உப்புக் கேட்டால்கூட அந்த வேலையின் குரலில்தான் கேட்பார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து நிற்கும். அந்தக் குரலுக்காகத்தான் ஒரு வாசிப்புக் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். பார்வையில்லாத ஐந்து பெண்கள் அரசு எழுத்தர் தேர்வுக்குப் படிக்கிறார்கள். தினமும் நாலு மணிக்கு எல்லோரும் கம்ப்யூட்டர் வழியாக ஒரு குரல் அரட்டையில் கூடுவார்கள். அத்தை பாடப்புத்தகத்தை வாசிப்பார். மெஷின் குரலும் இருக்கிறதுதான். ஆனால் ஒரு அட்டவணை வந்துவிட்டால் அது எண்களை மூட்டையிலிருந்து கொட்டுவதுபோலக் கொட்டிவிடும். அத்தை வாசித்தால் ஒருத்தி "அக்கா, நிறுத்துங்க, இது எந்த வருஷத்துக் கணக்கு?" என்று கேட்கலாம். அந்தப் பெண்களுக்கு வேண்டியது அந்த ஒரு வசதிதான். அதுதான் இப்போது இல்லை.

அன்று அத்தை முந்தைய நாள் முடித்த பாடத்தையே மறுபடி எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார். ஐந்து பேரும் மாறி மாறிக் கத்தியிருக்கிறார்கள். எல்லாம் மாமாவின் ஆம்ப்ளிஃபையர் வழியாகப் பின்னறையில் முழங்கியிருக்கிறது. மாமா அது டேப்பில் இருக்கும் குரல் என்று நினைத்து, ஒரு மணி நேரம் டேப்பை முன்னும் பின்னும் ஓட்டி அந்தப் பெண்ணைத் தேடியிருக்கிறார்.

குழுவை நடத்தும் பெண்மணி அன்றே அத்தையைப் போனில் கூப்பிட்டார். "உங்க வாசிப்புல குறையே இல்லைங்க. ஆனா நாங்க சொல்றது உங்களுக்குக் கேக்கலைன்னா அது ரேடியோதானே? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மெஷினுக்கே மாத்திடறோம். தேர்வுக்குப் பத்து நாள்தான் இருக்கு."

ஒரே வாரத்தில் இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் நான் போய்ச் சரிசெய்துவிட்டு வந்திருந்தேன். மறுநாளே பழைய நிலைக்கு வந்துவிட்டது. மறுநாள் மூன்றாவது முறையாகப் போனபோது எனக்குப் பொறுமையில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் சத்தம் வெளியே போக நான்கு வழிகள். பிறக்கும்போதே அதனுடன் வந்த சவுண்ட் கார்டு ஒன்று. பழைய டேப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காக மாமா உள்ளே பொருத்திய கார்டு இன்னொன்று. அதிலிருந்துதான் ஒரு நீண்ட ஒயர் சுவரோரமாகப் பின்னறை ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது. யாரும் கேட்காமலே மானிட்டருக்குள் ஒரு ஸ்பீக்கர். கடைசியாக, தனக்கென்று ஒரு குட்டி சவுண்ட் கார்டைச் சுமந்துகொண்டிருக்கும் அத்தையின் ஹெட்செட். இது போதாதென்று, பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறு வழி என்று கம்ப்யூட்டர் தனித்தனியாக முடிவுசெய்து வைத்திருக்கும். அதனால்தான் பாட்டு ஹெட்செட்டில் வந்தது, பெண்கள் பின்னறைக்குப் போனார்கள்.

இரண்டு வழியையும் ஹெட்செட்டுக்கு மாற்றினேன். அரட்டை நிரலிலும் அதையே தேர்ந்தெடுத்தேன். நன்றாகக் கேட்டது. நான்கு மணி வாசிப்பும் ஒழுங்காக நடந்தது.

"இதைத்தானே போன தடவையும் பண்ணின?" என்றார் அத்தை.

"ஆமா."

"அப்ப நாளைக்கு மறுபடி போயிடும்."

"ஏன் போகுதுன்னு தெரியாம இன்னிக்கு நான் நகரப் போறதில்ல."

மாமா கதவருகே வந்து நின்றார். "என் கார்டு மேல பழி போடாதம்மா. அது யார் வம்புக்கும் போகாது."

"உங்க கார்டு வர்றதுக்கு முன்னாடி இந்த வீட்டுல எனக்கு எல்லாம் கேட்டுது," என்றார் அத்தை.

"நான் கூப்பிட்டா மட்டும் அப்பவும் கேக்காது."

ஆறு மணி ஆனது. அத்தை எழுந்து கம்ப்யூட்டரை அணைத்தார். பிறகு அதன் பின்புறம் குனிந்து ஹெட்செட், மவுஸ், கீபோர்டு என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒயர்களைச் சுருட்டி, ஒரு துணிமேல் வரிசையாக வைத்தார்.

"என்ன பண்றீங்க?"

"டியூட்டி முடிஞ்சுது."

"தினமும் இப்படியா?"

"பின்னே? ஷிப்ட் முடிஞ்சப்புறம் எக்ஸ்சேஞ்ச் போர்டுல ஒரு ஒயர்க் கயிறு செருகியிருந்தாலும் எங்களுக்கு மெமோ வரும். அடுத்து வர்றவளுக்கு போர்டு காலியா இருக்கணும்."

"காலைல எதை எதுல செருகுவீங்க?"

"எது கைக்கு வருதோ, அதுல. ஓட்டைக்கு ஓட்டை என்ன வித்தியாசம்? எக்ஸ்சேஞ்சுல எந்தக் கயிறை எடுத்தாலும் லைன் கிடைக்கும்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஹெட்செட் வேறு ஓட்டையில் நுழைந்தால் கம்ப்யூட்டருக்கு அது முன்பின் தெரியாத புது விருந்தாளி. பாட்டை மட்டும் உடனே அதற்குக் கொடுத்துவிடும். அரட்டை நிரலோ நேற்றைய ஹெட்செட்டைத் தேடும். காணவில்லை என்றதும் பேச்சை மாமாவின் கார்டிடம் தள்ளிவிடும். அத்தை தினமும் மாலையில் கழற்றி, காலையில் வேறு ஓட்டையில் செருகி, நான் செய்ததையெல்லாம் கலைத்துக்கொண்டிருந்திருக்கிறார். முன்பு இரண்டு முறை வந்தேன், ஒருமுறைகூட ஆறு மணிவரை இருந்ததில்லை.

"இனிமே கழட்டாதீங்க அத்தை."

"அது முடியாது."

"அப்படியே விட்டா ஒன்னும் ஆகாது."

"எனக்கு ராத்திரி தூக்கம் வராது. வேற வழி சொல்லு."

கோபம் வந்தது. ஆனால் முப்பத்தோரு வருடப் பழக்கத்தோடு நான் எங்கே சண்டை போடுவது? மாமாவிடம் வெள்ளை ஒட்டுத்தாள் வாங்கி, ஓட்டைகளுக்கு ஒன்றிலிருந்து ஆறுவரை எண் ஒட்டினேன். ஹெட்செட் ஒயரிலும் மூன்று என்று எழுதினேன். அத்தையின் முகம் தெளிந்தது. "இதை முதல்லயே பண்ணக் கூடாதா? நம்பர் இல்லாத போர்டை எவ பாப்பா?" என்று பழியை என்மேலேயே திருப்பினார்.

மறுநாள் நாலே காலுக்குப் போன். "கேக்கல. மூனாம் நம்பர்லதான் செருகியிருக்கேன். கால் மணி நேரமா ஒரு சத்தம் இல்ல."

போனை வைக்காமலே, என் கம்ப்யூட்டரில் அந்த அரட்டைக்குள் நுழைந்தேன். கூச்சக்காரி நான்; அங்கே வாயைத் திறந்தது அதுவே முதல் தடவை. "எல்லாரும் இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கோம்," என்றார்கள் ஐந்து பேரும். ஒருத்தி, "முந்தாநேத்து நாங்க கத்தினதுல அக்காவுக்குக் கஷ்டமாப் போச்சாம். அதான் வாய மூடிட்டு இருக்கோம்," என்றாள்.

"கேக்குது, கேக்குது!" என்று அத்தை கத்தினார். அது போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் என் காதில் விழுந்தது. பின்னறையிலிருந்து மாமா, "இங்க ஒருத்தியும் வரல!" என்று குரல் கொடுத்ததும் கேட்டது.

அரட்டையில் தன் மைக்கை அணைத்துவிட்டு, அத்தை போனில் குரலைத் தாழ்த்தினார்.

"நீ பேச மாட்டேன்னு தெரியும். ஆனா இந்தத் தேர்வு முடியறவரைக்கும் தினம் நாலு மணிக்கு நீயும் உள்ள வந்து உக்காரு. நான் நல்லாப் படிக்கறேனா, தப்பாப் படிக்கறேனா, அதெல்லாம் பாக்காத. லைன் உயிரோட இருக்கான்னு எனக்குத் தெரியணும், அதுக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை 'நிறுத்துங்க'ன்னு மட்டும் சொல்லு."