உறைபெட்டியில் செல்லப்பாவின் குழாய்

கண்டியில் ஓர் ஆராய்ச்சிக் காரியாலயத்தில் கஜலட்சுமிக்கு ஏழு வருஷமாக ஒரே வேலை. ஆராய்ச்சிக்காக இரத்தம் கொடுத்த அறுநூறு பேருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போன் எடுத்து, பாரிசவாதம் வந்ததா என்று கேட்க வேண்டும். யாருக்கு வாதம் வரும் என்று இரத்தத்தை வைத்தே முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. நல்ல வார்த்தையே வராத வாய் என்று திட்டு வாங்கி வாங்கி அவளுக்குக் காது புளித்துவிட்டது.

பன்வில தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்த செல்லப்பா மட்டும் திட்டியதில்லை. "இன்னும் வரலீங்க மிஸ்," என்பார், ஏதோ தன்மேல்தான் குற்றம் போல.

இந்தத் தடவை அவர் மனைவி எடுத்தாள். "போன மாசம் வலப்பக்கம் இழுத்துக்கிச்சுங்க. பேச்சு இல்ல," என்றாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்: "அன்னைக்கு எடுத்த ரத்தத்துல இது தெரிஞ்சிச்சா மிஸ்?"

கஜலட்சுமி பேனாவை வைத்துவிட்டாள். எடுத்த இரத்தத்தை ஆளுக்கொரு கண்ணாடிக் குழாயில் அடைத்து அன்றைக்கே உறைபெட்டியில் வைத்துவிட்டார்கள். ஒருவருக்கு வாதம் வந்த பிறகுதான் அவருடைய குழாயை வெளியே எடுத்து, வராதவர் ஒருவருடைய இரத்தத்தோடு ஒப்பிடுவார்கள். செல்லப்பாவின் குழாயை ஏழு வருஷமாக யாரும் தொடவில்லை.

"இன்னும் பார்க்கலீங்க அம்மா. இனிமேத்தான் பாப்பாங்க," என்றாள்.



"சரிங்க மிஸ். அவருகிட்டச் சொல்றேன். கூப்பிடுவீங்கன்னு போனையே பாத்துக்கிட்டுப் படுத்திருக்காரு."