அண்ணியின் புருவ முடி

போன வாரம் சுங்கை சிப்புட் ஊரில் நடந்த கல்யாணத்தில், எல்லார் முன்னாலும் என் கணவரின் அக்கா கேட்டார்: "உன் மூஞ்சில ஏன் இவ்ளோ பரு? கழுவுறதே இல்லையா?"

சிரித்து வைத்தேன். ஆனால் மறக்கவில்லை.

இன்று ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் என் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தார். "இந்த விளையாட்டுச் சாமான்ல என்னலா தெரியும்?"

"புருவ முடி ஒண்ணு குடுங்க அண்ணி, காட்டுறேன்."

பிடுங்கிக் கொடுத்தார். ஒரு சொட்டு எண்ணெயில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். முடியின் வேரருகே நீளமாக ஒரு பூச்சி, குட்டைக் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தது.

குனிந்து பார்த்த அண்ணி அலறினார். "அய்யோ, என்னாடி இது?"

"உங்க மூஞ்சிலதான் குடியிருக்கு, அண்ணி."

இன்னும் குளியலறையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பூச்சி அநேகமாக எல்லாப் பெரியவர்கள் முகத்திலும் உண்டு. என் முகத்திலும்தான். இதை அவரிடம் இப்போதே சொல்லவா, தீபாவளி கழித்துச் சொல்லவா?