காளீஸ்வரன் சார் கொட்டிய தண்ணீர்

டாக்டர் காளீஸ்வரனுக்குப் பதினோரு வருஷமாகக் கல்லூரி வேன் ஓட்டுகிறேன். மருத்துவ மாணவர்களுக்கு மக்கள் நல்வாழ்வு சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. மக்களைத்தான் அவருக்குப் பிடிக்காது.

பிறந்தது என்னவோ ஆர்.எஸ்.மங்கலத்துப் பக்கம், வயல் வேலை பார்க்கும் சம்சாரி வீட்டில்தான். இப்போது கிராமத்தில் இறங்கினால் கைக்குட்டை மூக்கை விட்டு நகராது. பாடத்துக்காக ஒரு கேஸ் எழுதி வைத்திருக்கிறார். ஓர் ஊர், ஒரு காய்ச்சல், ஒரு குடும்பம். காரணத்தைக் கண்டுபிடி, தீர்வு சொல். வருஷா வருஷம் அதே தாள், அதே விடை: டெங்கு; தண்ணீர்ப் பாத்திரங்களை வாரம் ஒருமுறை காலி செய்ய வேண்டும்.

போன ஆவணியில் உப்பூர் தாண்டி ஒரு கிராமத்தில் நிஜமாகவே டெங்கு வந்தது. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினைந்து மாணவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு, "நம்ம கேஸ் அப்படியே நடந்திருக்குப்பா" என்று சிரித்தார். எனக்கு அருவருப்பாக இருந்தது.

முதலில் நுழைந்தது முருகலட்சுமி வீட்டில். கூலி வேலைக்குப் போகிறவள். மகளுக்கு அப்போதுதான் காய்ச்சல் இறங்கியிருந்தது. வாசலில் நின்ற நீல டிரம்முக்குள் டார்ச் அடித்தார்கள். கொசுப்புழு நெளிந்தது. சார் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"கவுத்துங்க."

"அய்யா, கொட்டிப்புடாதீக! குழாய்ல தண்ணி வர இன்னும் அஞ்சு நாளாகும். வடிகட்டி, துணி போட்டு இறுக்கிக் கட்டிக்கிறேன்."

கீழக்கரை மாணவி நஸீஹாவும் கேட்டாள்: "அது போதாதா சார்?"

"தாள்ல அப்படியா இருக்கு?"

இரண்டு பையன்கள் டிரம்மைச் சாய்த்தார்கள். ஐந்து நாள் குடிக்க, சமைக்க இருந்த தண்ணீர் தெருவில் ஓடியது. சார் அதை போட்டோ எடுக்கச் சொன்னார்.

முருகலட்சுமி அழவில்லை. காலி டிரம்மை வேனுக்கு உருட்டி வந்தாள். நஸீஹா கைகொடுக்க, இருவருமாக ஏற்றினார்கள். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு சாருடைய முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது?"

"ஒங்க காலேசுக்கு வாரேன். அங்கன தண்ணி வருமில்ல? ரொப்பிக் குடுத்துட்டுத் திரும்பக் கொண்டாந்து விடுங்க."

"மருது, அந்தம்மாவ எறக்கிவிடு!"

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "அவுகளா எறங்குனாத்தான் சார்."

கால் மணி நேரம் வெயிலில் நின்று பார்த்தார். ஊர் கூடியது. கடைசியில் பின் சீட்டில், மாணவர்களுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டார். கல்லூரியில் ஹோஸ் போட்டு வேனிலேயே டிரம்மை நிரப்பினேன். திரும்ப அவள் வீட்டு வாசலில் நிறுத்தி, குடம் குடமாக இறக்கினோம். நஸீஹா தன் துப்பட்டாவைக் கொடுத்து மூடிக் கட்டச் சொன்னாள்.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. அது கிடக்கட்டும். மாதத் தேர்வில் சார் புதிதாக ஒரு கேள்வி சேர்த்தார்: ஒத்துழைக்க மறுக்கும் ஒரு தாய், இவரை எப்படித் திருத்துவீர்கள்? ஐந்து மதிப்பெண்.

நஸீஹா எழுதிய விடையை என்னிடம் காட்டினாள். ஒரே வரி: 'அவர் வீட்டுக் குழாயில் தினமும் தண்ணீர் விட வேண்டும்.'

பக்கத்தில் சிவப்பு மையில் முட்டை போட்டிருந்தார்.