ஜன்னல் மாட்டும் முன் வந்த அருவி

இலத்தூரில் நாங்களே கட்டிய வீட்டில், ஜன்னலுக்கு விட்ட திறப்பின் அடிப்பக்கத்தில் நான்தான் சிமெண்ட் பூசினேன். ஜன்னல் வந்து இறங்கியபோது மலையில் மேகம் திரண்டிருந்தது.

"மாட்டுததுக்கு முன்ன தண்ணி ஊத்திப் பாருங்க" என்றாள் மனைவி.

ஜம்பமாகக் குடத்தைக் கவிழ்த்தேன். தண்ணீர் வெளியே போகாமல் வீட்டுக்குள் ஓடி வந்தது. சரிவை உள்பக்கமாகப் பூசியிருக்கிறேன்!

"ஏட்டி, சாரல் அடிச்சா வீடே முங்கிரும்!" என்று அலறினேன்.

"குத்தால அருவியவே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டீயளே! கத்தாம கொத்துங்க."

பூச்சைக் கொத்தியெடுத்து, வெளிப்பக்கம் சரித்துப் பூசி, காயும்வரை நனையாதிருக்கத் தார்ப்பாய் கட்டினோம். மறுநாள் சாரல் வந்தது. தார்ப்பாயை விலக்கினோம். தண்ணீர் சமர்த்தாக வெளியே ஓடியது. என் பேச்சைக் கேட்ட முதல் ஜீவன்!

ஜன்னலை மாட்டத் தோன்றாமல், இருவரும் அங்கேயே சிரித்துக்கொண்டு நனைந்தோம். பால் காய்ச்சியது பிறகுதான். ஆனால் நாங்கள் குடிபோனது அன்றைக்குத்தான் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.