அலீவியேட் சார்

கலவானை ஊருக்கு மேலே, என் அக்கா தேயிலைக் கொழுந்து பறிக்கும் தோட்டத்தில் நலன்புரி அதிகாரியாக இருந்தவரைச் சொல்கிறேன். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்லிவிட்டு, "வெளங்குதா?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்.

மண் சரிந்து லொறிப் பாதை மூடிப்போனதால், பெண்கள் கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்து மலையேறித்தான் மடுவக் கொட்டகையில் நிறுக்க வேண்டியிருந்தது. அவர் கூட்டம் போட்டு, "உங்க சுமைய அலீவியேட் பண்ணுவோம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு ஆளுக்கொரு பஞ்சுச் சும்மாடு வந்தது. பாதை அப்படியே கிடந்தது.

நான் போயிருந்த அன்று அக்கா கேட்டே விட்டாள்.

"லொறி எப்ப சார் வரும்? சுமைய எறக்குறேன்னுதானே சொன்னீங்க?"

"எறக்குறேன்னு எப்பம்மா சொன்னேன்? அலீவியேட்னா சுமை இருக்கும், வலி மட்டும் கொறையும். டிக்சனரியப் பாருங்க. வெளங்குதா?"

அக்கா மூட்டையைப் பிடித்தாள். தனியாகத் தூக்க முடியவில்லை. அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். குனிந்து, மூட்டையை முழங்காலில் தாங்கி, ஒரே மூச்சில் அவள் தலையில் ஏற்றினார். சும்மாட்டை நடு உச்சிக்கு நகர்த்திவிட்டு, "இப்ப லேசா இருக்கா?" என்றார்.

"இருக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் மேடேறினாள்.

அப்படி ஏற்றிவிடுவது படித்து வருகிற வேலை இல்லை. தினமும் ஏற்றிவிட்ட கைக்குத்தான் வரும். எந்தத் தாயின் தலைக்கு ஏற்றிவிட்டு அந்தக் கை பழகியதோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.