வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

மெஹபூப் பாஷாவுக்கு வீட்டு புரோக்கர் வேலை. ராயப்பேட்டையில் தன் கை படாமல் ஒரு சாவிகூட கை மாறியதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். கொஞ்சம் மிகைதான், விட்டுவிடுவோம். மயிலாப்பூரில் ஒரு போர்ஷன், தி.நகரில் ஒரு மாடி வீடு, அடையாறில் பால்கனியோடு ஒரு ஃபிளாட் என்று நாளெல்லாம் ஸ்கூட்டரில் சுற்றுகிற மனுஷன். வீடு பார்க்கப் பார்ட்டி வருவதற்கு அரை மணி முன்பே சாவியோடு போய்விடுவார். ஜன்னலைத் திறந்து வீட்டுக்குக் காற்று காட்டத்தான் போகிறார் என்று வீட்டுச் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. வேவு பார்க்கப் போகிறார்.

காலி வீடு என்றால் அவருக்கு உயிர். குடியிருந்தவர்கள் சட்டி பானையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். ஆணியை விட்டுவிட்டுப் போவார்கள், கறையை விட்டுவிட்டுப் போவார்கள். தி.நகர் வீடொன்றில் சுவிட்ச் போர்டில் ஒரே ஒரு சுவிட்சின்மேல் மட்டும் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்திருந்தது. எதற்கு? நாள் முழுக்க மண்டையைக் குடைந்தது. கண் மங்கிய மாமியார் ஒருத்தி விளக்கென்று நினைத்து ஃபிரிட்ஜை அணைத்து அணைத்துப் பாலைத் திரிய வைத்திருப்பாள், மருமகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நெயில் பாலிஷை எடுத்திருப்பாள் என்று ஒரு கதை கட்டினார். மயிலாப்பூர் போர்ஷனில் குளியலறைச் சுவரில் இடுப்புக்கும் கீழே வரிசையாக ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. உட்கார்ந்தே குளிக்கிற ஒருத்தி, ஆனால் பொட்டு வைக்க மறக்காத ஒருத்தி. அதுவும் கதையானது. மணிக்கூண்டுப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து, கட்டைவிரலால் போனில் தட்டித் தட்டி எழுதுவார். ‘ராயப்பேட்டை பாஷா’ என்ற பெயரில் வாரப் பத்திரிகை ஒன்று இவற்றைப் போட்டது.

"ஊரான் வீட்டு ஆணியெல்லாம் உங்க கண்ணுல படுது. நம்ம வீட்டுக் குழாய் ரம்ஜான்லருந்து ஒழுகிக்கினு இருக்கு, அது மட்டும் படல?" என்பாள் அவர் மனைவி அஃப்சருன்னிசா.

"குழாய்ல கதை இல்ல அப்சர்" என்பார்.

"தண்ணி இருக்குல்ல?"



அவர்கள் சந்திலேயே நாலு வீடு தள்ளி சுலோச்சனாவின் வீடு. அவள் புருஷன் தணிகாசலம் டவுன் பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். பெரிய மீசை, பெரிய குரல். சந்து முனையில் நின்று ஒரு தும்மல் போட்டால் நாய்கள் எழுந்து உட்காரும். அப்படிப்பட்ட ஆள் கடைசி இரண்டு வருஷம் வெளியே தலைகாட்டவே இல்லை. யார் கேட்டாலும், "உடம்பு முடியல, படுத்துக்கினு கீறாரு" என்று வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடுவாள் சுலோச்சனா. தண்ணீர் லாரி வந்தால் அவள் குடத்துக்கு முன்னால் குடம் வைக்க சந்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. அப்பேர்ப்பட்ட வாய். சந்து சும்மா இருக்குமா? கிழவரை உள்ளே போட்டு அடைத்து வைத்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

தணிகாசலம் போன வருஷம் இறந்துபோனார். சுலோச்சனா மாடியிலிருந்த ஒற்றை அறைக்குப் போய்விட்டு, கீழ் வீட்டை வாடகைக்கு விடச் சொல்லி சாவியை பாஷாவிடம் கொடுத்தாள்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் அந்த வீட்டின் உள்ளறை வரைக்கும் போனார். பழைய பச்சைக் கதவு. அதன் வெளிப்பக்கத்தில் கையளவு நீளத்துக்கு ஒரு இரும்புத் தாழ்ப்பாள். உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே இருந்த தாழ்ப்பாளைக் கழற்றியிருந்தார்கள், திருகாணி ஓட்டைகள்தான் மிச்சம். படுக்கையறைக்கு வெளியே தாழ்ப்பாள்! அவருக்குப் பகீரென்றது. அடுத்த நிமிஷமே உள்ளுக்குள் ஒரு குஷியும் கிளம்பியது. எழுதுகிறவன் புத்தி அப்படித்தான், என்ன செய்ய.

சுலோச்சனா மாடியில்தான் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நாலு படி ஏறி, "இது எதுக்குக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கதை கைவிட்டுப் போய்விடுமே! பாஷா சத்தம் போடாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

கதை ஒரே மூச்சில் வந்தது. ஒரு ராட்சசிப் பெண்டாட்டி. நோயாளிப் புருஷனை அறைக்குள் தள்ளி வெளியே தாழ் போட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறாள். உள்ளே அவர் கதவைத் தட்டித் தட்டி அழுகிறார். பேரையெல்லாம் மாற்றினார், வீட்டைத் தூக்கி அடையாறில் வைத்தார். ஆனால் பச்சைக் கதவை விட மனசு வரவில்லை. சூரியன் உருவம் போட்ட ஜன்னல் கம்பியையும், வாசலில் சிமெண்ட் பலகை போட்டு மூடிய கிணற்றையும்கூட விடவில்லை. அந்தச் சந்தில் பிறந்த குழந்தைக்குக்கூட அது யார் வீடு என்று தெரிந்துவிடும். இது அவருக்கு மட்டும் தோன்றவில்லை பாருங்கள்.

பத்திரிகை வந்த அன்று பாதுஷா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அஃப்சருன்னிசா டப்பாவைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. சாப்பாடு வந்தது, டீ வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. கிண்டல்கூட இல்லாத அஃப்சருன்னிசாவை அவர் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. இது என்னடா புதுசாக இருக்கிறது என்று அவளையே கவனிக்க ஆரம்பித்தார்.

நாலைந்து நாள் கழித்து, ராத்திரி இஷா தொழுதுவிட்டு பள்ளிவாசலிலிருந்து வந்தவருக்கு ஒன்று உறைத்தது. தொழுகை முடிந்ததும் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு இவள் கொஞ்ச நேரம் சுலோச்சனா வீட்டுப் பக்கம் போய்வருவாளே? வருஷக்கணக்கில் நடக்கிற வழக்கம். இப்போது தொழுகிற முசல்லா விரிப்பை மடித்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள்.

"சுலோச்சனாக்கா வீட்டுக்குப் போகலியா?"

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது?" அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "‘நீதானே உன் புருஷன்கிட்ட சொன்னே’ன்னு அக்கா கேட்டுட்டாங்க. இனிமே படியேறாதேன்னுட்டாங்க."

"என்னத்த சொன்னே?"

"காலையில சாவிய எடுத்துக்கினு வாங்க. காட்டுறேன்" என்றாள்.

காலையில் இரண்டு பேரும் அந்தக் காலி வீட்டுக்குள் நின்றார்கள். ஜன்னல் வழியாக வெயில் சிவப்புத் தரையில் விழுந்திருந்தது.

"பாருங்க" என்றாள்.

"பார்த்தேனே. வெளிய தாழ்ப்பாள்."

"அது இல்ல. கீழ பாருங்க."

தரையில் இரும்புக்கட்டிலின் கால்கள் பதிந்து துருக்கறை வட்டம் வட்டமாக இருந்தது. எட்டு வட்டம்.

"ஒரு கட்டிலுக்கு எத்தனை கால்?" என்று கேட்டாள் அஃப்சருன்னிசா.

பாஷா குனிந்து வட்டங்களை மறுபடி எண்ணினார்.

"அக்காவும் உள்ளதான் படுத்திருந்தாங்க. வெளிய தாழ் போட்டது நான்."

தணிகாசலத்துக்கு ஞாபகம் தப்பிப்போயிருந்தது. வேலையில் இருப்பதாகவே நினைப்பு. இருட்டோடு எழுந்து, காக்கிச் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு, முதல் டிரிப் எடுக்க டிப்போவுக்குக் கிளம்பிவிடுவார். ஒருமுறை தேனாம்பேட்டை சிக்னல் நடுவில் நின்று வண்டிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தவரை ஆட்டோக்காரர் ஒருவர் கூட்டிவந்து விட்டார். உள்ளே தாழ் போட்டால் திறந்துவிடுவார். உள்ளேயே பூட்டுப் போட்டுச் சாவியை வைத்துக்கொள்ளலாமே என்று அஃப்சருன்னிசா அப்போதே கேட்டிருக்கிறாள். அதற்கு சுலோச்சனா சொன்ன பதிலை இப்போது அப்படியே சொன்னாள்: "அவரு கெஞ்சினா நான் தெறந்துடுவேன் அப்சரு. எனக்கு மனசு தாங்காது. அதனால நீ வெளிய போட்டுட்டுப் போய்டு."

அதனால் தினமும் இஷா தொழுதுவிட்டு வந்து போடுவாள், விடியற்காலையில் ஃபஜ்ரு தொழுதுவிட்டு வந்து திறப்பாள். இரண்டு வருஷம். அவளுடைய சொந்தப் புருஷன் அந்த நேரத்தில் டீக்கடையில் உட்கார்ந்து, ஊரார் வீட்டுச் சுவர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

"என்கிட்டகூடவா சொல்லக் கூடாது?"

"உங்ககிட்டதான் முக்கியமா சொல்லக் கூடாது. ‘பஸ் ஓட்டின மனுஷன், அவரைப் போயி சந்துல பசங்க லூசுன்னு கூப்பிடுறத என் காதால கேக்கணுமா’ன்னு கையைப் பிடிச்சி அழுதாங்க. உங்ககிட்ட சொன்னா பத்திரிகையில வந்துடுமேன்னு பயந்தேன்." அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லாமலே வந்துடுச்சி."

பாஷா கூனிக்குறுகிப் போனார். தன் கதை நாசமாய்ப் போகட்டும், இந்த இரண்டு பொம்பளைகளின் சிநேகம் தன்னால் போய்விட்டதே என்றுதான் அடித்துக்கொண்டது. மனைவியைக் கீழேயே நிற்க வைத்துவிட்டு மாடிப்படி ஏறினார். தண்ணீர் லாரிக்காரனே பயப்படுகிற வாய். என்ன வந்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் ஏறினார்.

கதவு திறந்திருந்தது. சுலோச்சனா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இன்னா பாய். அடுத்த கதைக்கு ஆணி எண்ண வந்தியா?"

"இல்லக்கா..."

"என்னை ராட்சசின்னு எழுதினே. போவட்டும். சந்தே அப்டித்தான் சொல்லிச்சி, எனக்கு மரத்துப் போச்சி. அவரை இன்னாத்துக்கு அழ வெச்சே? அவரு ஒருநாளும் அழல பாய். ‘டைம் ஆச்சி சுலோ, வண்டி எடுக்கணும்’னு கதவாண்ட நின்னுக்கினு இருப்பாரு. நான் ‘இன்னைக்கி ஸ்டிரைக்கு’ம்பேன். ‘அப்டியா, எத்தினி நாளைக்கி?’ன்னு கேட்டுட்டு, சமத்தா வந்து படுத்துப்பாரு. தெனமும் ஸ்டிரைக்கு. ஒரு தபா என்கிட்ட வந்து கேட்டியா நீ? நாலு வீடு தள்ளிக் கீறே."

கேட்கவில்லை. தப்பு, தப்பு என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு வந்த காரியம் நினைவுக்கு வந்தது.

"என்னை என்ன வேணாலும் சொல்லுங்கக்கா. அப்சர் மேல கோவப்படாதீங்க. அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"அவ சொல்லாம உனக்கு எப்டித் தெரியும்?"

"எனக்கு என்னக்கா தெரிஞ்சிது? ஒண்ணுமே தெரியலியே! அவ சொல்லியிருந்தா கதை சரியா வந்திருக்குமே!"

வெங்காயம் உரித்த கை நின்றது. சுலோச்சனா அவரை முழுசாக நிமிர்ந்து பார்த்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது, பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. அது வெங்காயத்தால் இல்லை.

"ஐயோ, ஆமாம்பா" என்றாள். "அந்தப் பொண்ண இன்னா பேச்சு பேசிட்டேன்."

பாஷா திரும்பினார். கதவில் கை வைத்தபோது விரலில் ஏதோ இடித்தது. கதவின் வெளிப்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள், புதுசு. திருகாணியெல்லாம் பளபளவென்றிருந்தது. இந்த அறையில் இவள் ஒருத்திதான். இதற்கு எதற்கு? அவர் மண்டைக்குள் சட்டென்று ஒரு கதை தலைதூக்கியது. அதை அங்கேயே அமுக்கிவிட்டு, வாயைத் திறந்து கேட்டார்.

"இது எதுக்குக்கா?"

சுலோச்சனா உரித்த வெங்காயத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருது பாய். தாழ் வுழுந்துச்சின்னா, அவரு வெளிய போவ மாட்டாரு, பத்திரமா கீறாருன்னு கண்ணு தானா மூடிக்கும். பழகிப்போச்சி. அப்சரு வந்து டக்குனு போடுவா. அப்புறம் எனக்குக் கேக்காம தெறந்து வுட்டுட்டுப் போய்டுவா." மூக்கை உறிஞ்சினாள். "நான் அவளைப் பேசின நாள்லருந்து சத்தமும் இல்ல, தூக்கமும் இல்ல."

அன்று சாயங்காலம் பாஷா ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்றினார். இஷா தொழுதுவிட்டு டீக்கடைக்குப் போகவில்லை. அஃப்சருன்னிசா துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். அவரும் கூடவே நடந்து சுலோச்சனா வீட்டுக் கிணற்றடியில் நின்றுகொண்டார். மேலே இரண்டு பெண்களும் ஏதோ பேசினார்கள், யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு கதவு சாத்துகிற சத்தம். பிறகு தாழ்ப்பாள் டக்கென்று விழுந்தது.

திறக்கிற சத்தம் கேட்குமா என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அஃப்சருன்னிசா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள்.