பவர் பட்டனில் வைத்த பொட்டு

பிள்ளைகளா, லேப்டாப்பை நீங்கள் கெடுக்கவில்லை. அன்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் அது ஆன் ஆகவில்லை. உங்கள் அக்காவின் காலேஜ் புராஜெக்ட் முழுக்க அதற்குள் இருந்தது. விடிந்தால் கொடுக்க வேண்டும். உங்களைத் திட்டிவிட்டு, வில்லாபுரத்திலிருந்து பஸ் ஏறி சர்வீஸ் சென்டருக்கு ஓடினேன்.

அங்கே இருந்தவர் நரைத்த மீசைக்காரர். வருகிற ஒவ்வொரு மிஷினையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் திறந்தார். நம்முடையதையும் முகர்ந்தார்.

"அண்ணே, சந்தனம் வச்சீகளா?"

"பட்டன்ல ஒரு பொட்டு. தீர்த்தமும் தெளிச்சேன்."

"அம்புட்டும் உள்ள இறங்கிருச்சு. தண்ணி பட்டா வாரண்டி கிடையாதுண்ணே."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "தண்ணின்னு எழுதாதீங்கய்யா. புள்ள படிப்பு!"

"எழுதாட்டி என் வேலை போயிரும்" என்று சொல்லி, எழுதியே விட்டார்.

பிறகு டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, சாப்பாட்டு நேரம் முழுவதும் உட்கார்ந்து, புராஜெக்ட்டை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தார். லேப்டாப் போனது போனதுதான்.

சாமி தீர்த்தத்தைத் தண்ணீர் என்று எழுதியவரின் ஸ்குரூ டிரைவர் பெட்டியிலும் குங்குமம் காய்ந்திருந்தது. அவரை என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, நீங்கள் யாரும் பார்க்காத நேரத்தில், மிக்ஸி சுவிட்சில் இருந்த பொட்டைக் காய்ந்த துணியால் துடைத்தேன்.